வனத்து அந்தோணியாரும் அண்ணாமலைக் குகையில் ஒரு பிரெஞ்சுத் துறவியும்

இந்த எபிசோடு ஒரு கேள்வியில இருந்து தொடங்குது. நேயர் ஒருத்தர் குரல் பதிவு அனுப்பியிருந்தார், பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். ஊர் திண்டுக்கல் பக்கம், வேலை சென்னையில. பாதி நாள் அறையில இருந்தே வேலை. கூடத் தங்கியிருந்தவர் கல்யாணம் ஆகிப் போயிட்டார். சில வாரம், சாப்பாடு கொண்டுவர்ற டெலிவரி தம்பியைத் தவிர வேற யாரோடயும் நேர்ல பேசாமலே வெள்ளிக்கிழமை வந்துடுதாம். இதைக் கேள்விப்பட்ட அம்மா வனத்து அந்தோணியார் படம் ஒண்ணு கொடுத்து அனுப்பியிருக்காங்க. "அவர்கிட்ட சொல்லுப்பா, பார்த்துக்குவார்"னு. இவர் கேட்கிறார்: ஆளே வேண்டாம்னு காட்டுக்குப் போனவர்கிட்ட, எனக்கு ஆள் இல்லையேன்னு நான் எப்படிப் போய் அழறது?

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிச்சிருந்தது. பதில் தேடி நாம திருவண்ணாமலை வரைக்கும் போகப்போறோம். அங்கே 1950-களில் ஒரு கத்தோலிக்கத் துறவி மலைக்குகையில தங்கியிருந்தார். ஆனா முதல்ல அம்மா கொடுத்த படத்தைப் பார்த்துடுவோம்.

அந்தோணியார்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வர்றவர் கையில குழந்தை இயேசுவை வெச்சிருக்கிற பதுவை அந்தோணியார். வனத்து அந்தோணியார் வேற ஆள், கிட்டத்தட்ட 900 வருஷம் மூத்தவர். எகிப்துக்காரர். தாடி, கைத்தடி, மணி, கால்பக்கத்துல ஒரு பன்றி, இதுதான் இவர் அடையாளம். ஜனவரி 17 திருவிழா. பொங்கலை ஒட்டி வர்றதாலயும், கால்நடைகளுக்குப் பாதுகாவலர்ங்கிறதாலயும் நம்ம கிராமங்கள்ல இவருக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. கூட்டத்தை விட்டு ஓடினவருக்கு ஊரே கூடி விழா எடுக்குது! சும்மா ஒரு வேடிக்கைக்குச் சொன்னேன், ஆனா இந்த முரணைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க.

அவர் வாழ்க்கையை எழுதினவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ், நாலாம் நூற்றாண்டுல. அந்தப் புத்தகத்துல பேய்களோட நடந்த சண்டைதான் எல்லாருக்கும் தெரியும். ஓவியர்களும் அதைத்தான் திரும்பத் திரும்ப வரைஞ்சாங்க. எனக்கு முக்கியமாப் பட்டது வேற ஒரு சின்ன விவரம். பாழடைஞ்ச ஒரு கோட்டைக்குள்ள போய்க் கதவை அடைச்சுக்கிட்டு அவர் சுமார் 20 வருஷம் இருந்தார். சாப்பாடு? வருஷத்துக்கு ரெண்டு தடவை நண்பர்கள் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாங்க. அப்போ இந்த 20 வருஷத் தனிமைக்குப் பின்னால ரொட்டி சுட்டவங்க இருந்தாங்க, சுமந்துட்டு வந்தவங்க இருந்தாங்க. அவங்களுக்குச் சொரூபம் கிடையாது, அவ்வளவுதான்.

இவரைவிட மூத்த இன்னொருத்தர் வனத்துச் சின்னப்பர். சின்னப்பர்ங்கிறது பவுலுக்கு நம்ம பழைய தமிழ்ப் பேர். பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 15 திருநாள். இவர் கதையை எழுதினவர் புனித ஜெரோம். இவர் உண்மையிலேயே இருந்தாரான்னு வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுறாங்க. இருக்கட்டும், கதையைக் கேளுங்க. ஒரு காகம் தினமும் அரை ரொட்டி கொண்டுவந்து போடும். 60 வருஷம் அப்படி. 90 வயசு அந்தோணியார் பாலைவனம் முழுக்கத் தேடி இவரைக் கண்டுபிடிக்கிறார். இவருக்கு 113. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிறாங்க. அடுத்து சின்னப்பர் கேட்கிறது என்ன தெரியுமா? உலகம் எப்படி இருக்கு, பழைய ஊர்கள்ல புதுசா வீடு கட்டுறாங்களா, இப்ப யார் ஆட்சி? வாழ்நாள் முழுக்கத் தனியா இருந்த மனுஷன் ஊர்க்கதை கேட்கிறார். அன்னிக்குக் காகம் முழு ரொட்டி கொண்டுவருது. அதை யார் பிட்கிறதுன்னு, "நீங்க பெரியவர்", "இல்ல, நீங்க விருந்தாளி"ன்னு சாயங்காலம் வரைக்கும் ரெண்டு கிழவர்களும் வாக்குவாதம். கடைசியில ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கிறாங்க. எந்த வீட்டுப் பந்தியிலயும் நடக்கிற காட்சி.

இப்ப திருவண்ணாமலைக்கு வருவோம். நம்ம நேயரோட தனிமைக்கு நெருக்கமான ஆளை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

அவர் பேர் ஆன்றி லெ சோ. 1910 ஆகஸ்ட் 30, பிரான்ஸ் நாட்டு பிரித்தானி கடற்கரையில பிறந்தவர். 1929-ல ஆசீர்வாதப்பர் சபைத் துறவியா கெர்கொனான் மடத்துல சேர்ந்தார். பல வருஷமா மனசுல இந்தியா. 1948-ல வந்து சேர்ந்தார், குளித்தலையில இருந்த ஜூல் மொன்ஷானென்ங்கிற இன்னொரு பிரெஞ்சுச் சாமியாரைத் தேடிக்கிட்டு. 1950 மார்ச் 21-ல ரெண்டு பேரும் காவிரிக்கரையில, தண்ணீர்பள்ளியில ஓர் ஆசிரமம் தொடங்கினாங்க. சாந்திவனம். இன்னிக்கும் இருக்கு. ரெண்டு பேரும் காவி கட்டினாங்க, சைவ உணவு, தரையில படுக்கை. ஆன்றி லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார்.

இதுக்கு முந்தின வருஷம், 1949 ஜனவரியில, அவர் மொன்ஷானெனோட திருவண்ணாமலை வந்திருந்தார், ரமணரைப் பார்க்க. பெருசா எதிர்பார்த்து வந்தார், முதல்ல ஏமாற்றம்தான். எதிர்ல இருந்தவர் அன்பான ஒரு தாத்தா மாதிரி தெரிஞ்சார். ஒளிவட்டம் எதுவும் இல்லை. ஆசிரமத்துல தங்கியிருந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி இவரைப் பிடிச்சு, மனசுல இவ்வளவு மூட்டையோட வந்தா எப்படிய்யா ஏதாவது உள்ளே போகும்னு கேட்காத குறை. அதுக்கப்புறம் காய்ச்சல் வந்து படுத்துட்டார். அந்தக் காய்ச்சலுக்குள்ளதான் ஏதோ ஒண்ணு தன்னைத் தொட்டதுன்னு பின்னால எழுதியிருக்கார். திரும்பி வந்து ரமணரோட நெருக்கமா இருக்கணும்னு ஆசை. ஆனா 1950 ஏப்ரல் 14-ல ரமணர் காலமாயிட்டார்.

ஆளில்லாத ஊருக்கு எதுக்கு வரணும்? அவர் வந்தார். இந்தத் தடவை மலைக்கு. 1952 முதல் 1955 வரைக்கும் விட்டு விட்டு, சில சமயம் வாரக்கணக்கா, சில சமயம் மாதக்கணக்கா, அருணாசல மலைக் குகைகள்ல தங்கினார்.

குகைன்னதும் நாம கற்பனை பண்றது அமைதி. வெளி அமைதி ஓரளவுக்குக் கிடைச்சிருக்கும். உள்ளே என்ன நடந்ததுன்னு அவரோட நாட்குறிப்பு சொல்லுது. அவர் செத்து 13 வருஷம் கழிச்சு, 1986-ல அது பிரெஞ்சுல அச்சாச்சு. அதைப் படிக்கிறவங்களுக்கு சாந்தமான சாமியார் கிடைக்க மாட்டார். பயந்துபோன ஒரு மனுஷன்தான் கிடைப்பார். பிரச்சினை இதுதான்: அத்வைதம் தன்னை உள்ளே இழுக்குதுன்னு அவருக்குத் தெரியுது. அதுல முழுசா மூழ்கினா கிறிஸ்துவை இழந்துடுவோமோன்னு நடுக்கம். மூழ்காம நின்னா, உண்மைன்னு தனக்குப் பட்டதுக்கே துரோகமோன்னு இன்னொரு நடுக்கம். இதை யார்கிட்ட சொல்றது? திருச்சபையில மேலே இருக்கிறவங்ககிட்ட சொன்னா புரியாது, சந்தேகம்தான் வரும். கூட இருந்த மொன்ஷானென் ரொம்ப நல்லவர், பெரிய அறிவாளி, ஆனா அத்வைதத்துல இவ்வளவு தூரம் இறங்க அவருக்குத் தயக்கம். சரி, இந்து நண்பர்கள்? 1953 மார்ச்சுல குகைக்கு ஒருத்தர் தேடி வந்தார். பின்னால லக்னோவில பாபாஜின்னு உலகம் முழுக்கத் தெரிஞ்ச எச்.டபிள்யூ.எல். பூஞ்சா. அவர் பார்வையில இந்தப் பூசை, ஜெபப் புத்தகம் எல்லாம் விட வேண்டிய ஊன்றுகோல். விட்டுட்டுக் குதிச்சிடுங்கன்னுதான் அவர் பக்கத்து ஆலோசனை. அபிஷிக்தானந்தரால விட முடியலை.

ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. ஆனா ரெண்டு பக்கத்துலயும் பாதி மனுஷனாத்தான் இருக்க முடியுது. ஊர்ல ஒரு ஆள், சென்னையில ஒரு ஆள்னு வாழ்றவங்களுக்கு இது புதுசு இல்லைன்னு நினைக்கிறேன். வீட்டுக்குப் போனா நம்ம வேலை, நட்பு, காதல் எதையும் முழுசா சொல்ல முடியாது. இங்கே வந்தா வீட்டைப் பத்திச் சொல்ல ஆள் இல்லை. தனிமைன்னு நாம சொல்றதுல பாதி, பக்கத்துல ஆள் இல்லாதது இல்லை. முழுசா சொல்லிக்க ஆள் இல்லாதது.

"தனியா இருக்கிறது வேற, தனிமையில வாடுறது வேற"ன்னு ஒரு வசனம் இருக்கு. எல்லாப் பாட்காஸ்ட்லயும் வரும், நானே சொல்லியிருப்பேன். அபிஷிக்தானந்தரைப் படிச்ச பிறகு அந்தக் கோடு அவ்வளவு தெளிவா இல்லை. ஒரே குகையில, ஒரே வாரத்துல, அவர் ரெண்டையும் அனுபவிச்சிருக்கார். காலையில ஆனந்தம், ராத்திரி திகில். இது நல்ல தனிமை, இது கெட்ட தனிமைன்னு பிரிச்சு வெச்சுட்டு அவர் உள்ளே போகலை.

தனிமையில வர்ற அந்தத் தவிப்புக்குப் பழைய பாலைவனத் துறவிகள்கிட்ட ஒரு பேர் இருந்தது: நடுப்பகல் பேய். எகிப்துல வாழ்ந்து 399-ல இறந்த எவாகிரியுஸ் அதை விவரிக்கிறதைக் கேட்டா சிரிப்பும் வரும், வலிக்கவும் செய்யும். துறவி தன் அறையில உட்கார்ந்திருக்கார். காலையில பத்து மணி வாக்குல அந்தப் பேய் வரும். சூரியன் நகரவே நகராத மாதிரி இருக்கும். ஜன்னலைப் பார்ப்பார். வெளியே வந்து நிழல் எவ்வளவு நீளம்னு பார்ப்பார். யாராவது வர்றாங்களான்னு வழியைப் பார்ப்பார். அப்புறம் மனசு பேச ஆரம்பிக்கும்: இங்கே யாருக்கும் யார் மேலயும் அன்பே இல்லை, நான் செத்தாக்கூட ஆறுதல் சொல்ல நாதி இல்லை, வேற ஊருக்குப் போயிட்டா எல்லாம் சரியாகிடும். 1600 வருஷத்துக்கு முந்தின ஆள். வாட்ஸாப்பைத் திறந்து, மூடி, கடைசியா எப்ப வந்தாங்கன்னு பார்த்து, மறுபடி திறக்கிற நம்ம விரலை அப்படியே எழுதியிருக்கார்.

அந்தோணியாருக்கும் இது வந்திருக்கு. பாலைவனத் தந்தையர் பத்தின தொகுப்புல ஒரு கதை: மனசு சோர்ந்து உட்கார்ந்திருந்தவர், தன்னை மாதிரியே ஒருத்தர் கயிறு திரிக்கிறதைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் கயிறு, எழுந்து கொஞ்ச நேரம் ஜெபம், மறுபடி கயிறு. அவ்வளவுதான் காட்சி. வந்தவர் வானதூதர்னு கதை சொல்லுது. ஆனா அவர் தத்துவம் எதுவும் பேசலை, கயிறு திரிச்சுக் காட்டினார். நேயர் நண்பரே, உங்க அம்மா கொடுத்த படத்துல இருக்கிறவருக்கு உங்க செவ்வாய்க்கிழமை மத்தியானம் எப்படி இருக்கும்னு நல்லாவே தெரியும். ஆள் வேண்டாம்னு போனவர்னு நீங்க நினைச்சீங்க. வழியைப் பார்த்து உட்கார்ந்த கூட்டத்துல அவரும் ஒருத்தர்.

சரி, துறவிக்கும் தனிமை உண்டு, நமக்கும் உண்டு. இதுல ஆறுதல் எங்கே இருக்கு? இதுக்கு அதே திருவண்ணாமலையில, அதே மலையில இன்னொரு கதை இருக்கு. கிறிஸ்தவக் கதை இல்லை. ஆனா அந்தக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியலை.

எச்சம்மாள்னு ஓர் அம்மா. மண்டகொளத்தூர்க்காரங்க. இளம் வயசிலேயே அடுத்தடுத்துக் கணவர், மகன், மகள்னு மூணு பேரையும் பறிகொடுத்தவங்க. வீட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஞாபகம். மனசை ஆத்திக்கத் துறவிகளைத் தேடி வெளியூர் எல்லாம் போய்ப் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகலை. 1907 வாக்குல யாரோ சொல்லித் திருவண்ணாமலை வந்தாங்க. அப்போ ரமணர் விருபாட்ச குகையில இருந்தார், 20-களின் இறுதியில இருந்த இளைஞர், அதிகம் பேசாதவர். எச்சம்மாள் அவர் முன்னால போய் நின்னாங்க. அவங்களும் பேசலை, அவரும் பேசலை. ரொம்ப நேரம் அப்படியே. திரும்பி வந்தப்போ பாரம் இறங்கின மாதிரி இருந்ததுன்னு சொன்னதா ரமணரோட வாழ்க்கை வரலாற்றுல இருக்கு.

இதோட நிறுத்தியிருந்தா இது ஓர் அற்புதக் கதை, அவ்வளவுதான். ஆனா எச்சம்மாள் அடுத்த நாள்ல இருந்து சமைக்க ஆரம்பிச்சாங்க. திருவண்ணாமலையிலயே தங்கி, தினமும் சமைச்சு, ரமணருக்குச் சாப்பாடு கொண்டுபோனாங்க. முதல்ல மலை ஏறி. 1922-க்கு அப்புறம் அவர் அடிவாரத்துக்கு வந்துட்டார், அங்கேயும். 1945-ல அவங்க சாகிற வரைக்கும். கிட்டத்தட்ட 38 வருஷம். சின்னப்பருக்கு ஒரு காகம் மாதிரி.

ஒருத்தரும் இல்லாதவங்களுக்கு அன்னன்னிக்கு உலை வைக்க ஒரு காரணம் கிடைச்சது. தத்து எடுத்து செல்லம்மாள்னு ஒரு பெண்ணை வளர்த்தாங்க, கல்யாணம் பண்ணி வெச்சாங்க. அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பையனுக்கு ரமணன்னு பேர். பிறகு அந்தப் பெண்ணும் இறந்துபோனா. எச்சம்மாள் அந்தச் சாவுச் செய்தியை எடுத்துக்கிட்டு ரமணர்கிட்டதான் வந்தாங்க. உலகமே மாயைன்னு அவர் சொல்லலை. அதைப் படிச்சுட்டு அழுதார்.

இதை நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். துறவிகிட்ட ஆறுதல் தேடிப் போறோம்னா, அவர் நம்ம தனிமையை எடுத்துடுவார்னு இல்லை. எச்சம்மாளுக்கு இழப்பு திரும்பவும் வந்தது. வந்தப்போ, போய் நிக்க ஓர் இடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்கு நடந்து நடந்து அவங்களே உண்டாக்கின வழி அது.

நேயருக்கு ரெண்டு நடைமுறை விஷயம். படத்தை அறையில வையுங்க, ஜெபம் பண்ணுங்க, அது உங்க விருப்பம். கூடவே, யாரோ ஒருத்தருக்கு நீங்க ரொட்டி கொண்டுபோகிற ஆளா வாரத்துல ஒரு நேரமாவது இருக்க முடியுமான்னு பாருங்க. மாடி வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை வாங்கித் தர்றது போதும். பங்குக் கோயில்ல நோயாளிகளைப் பார்க்கப் போற குழு இருந்தா, கூடப் போங்க. ரெண்டாவது, இது நேயருக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்: தூக்கம் போய், சாப்பாடு போய், வாழவே வேண்டாம்னு தோணுற அளவுக்கு வந்தா அதை நடுப்பகல் பேய்னு விட்டுடாதீங்க. 14416, டெலிமானஸ், அரசு நடத்துற இலவச மனநல எண். தமிழ்லயே பேசலாம்.

அபிஷிக்தானந்தர் கதையை முடிச்சுடுறேன். 1955 டிசம்பர்ல திருக்கோவிலூர்ல ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்திச்சார். ரமணருக்குப் பிறகு யாரைக் குருன்னு சொல்லலாம்னு தவிச்சவருக்கு ஒரு குரு கிடைச்சார். அடுத்த வருஷம் கும்பகோணத்துல ஒரு மௌன மந்திரத்துக்குள்ள ஒரு மாசத்துக்கும் மேல பேச்சில்லாம இருந்தார். 1957-ல மொன்ஷானென் பாரீஸ்ல இறந்தார். 1960-ல இவர் இந்தியக் குடிமகன் ஆனார். 1968-ல சாந்திவனத்தைப் பீட் கிரிஃபித்ஸ்கிட்ட விட்டுட்டு உத்தரகாசிப் பக்கம் கங்கைக்கரைக் குடிலுக்கே போயிட்டார். பிரான்ஸுக்குத் திரும்பவே இல்லை.

திரும்பலை, ஆனா கடிதம் எழுதினார். தன்னை மாதிரியே துறவு பூண்ட தங்கைக்கு, நண்பர்களுக்கு, சாமியார்களுக்கு, சந்தேகம் கேட்டு எழுதின இளைஞர்களுக்கு. 1989-ல ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அவரோட வாழ்க்கை வரலாற்றைத் தொகுத்தப்போ, பெரும்பாலும் அந்தக் கடிதங்களை வெச்சே முழுப் புத்தகத்தையும் கட்ட முடிஞ்சது. குகையும் குடிலும் தேடின மனுஷன் இத்தனை பேரோட பேசிக்கிட்டே இருந்திருக்கார். பூசையையும் உபநிடதத்தையும் கடைசி வரைக்கும் ரெண்டையும் வெச்சுக்கிட்டார். எதையும் தூக்கிப் போட்டுத் தீர்க்கலை.

கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர்னு அறிவிக்கலை. அவருக்குப் படம் அச்சடிச்சு யாரும் அறையில மாட்டப் போறதில்லை. கடைசிக் காலத்துல மார்க் ஷாதுக்ங்கிற ஓர் இளைஞர் பிரான்ஸ்ல இருந்து அவரைத் தேடி வந்து சீடரா இருந்தார். 1973 ஜூலை 14, ரிஷிகேஷ்ல மளிகைச் சாமான் வாங்கப் போனவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது மாரடைப்பு வந்து ரோட்டுல விழுந்தார். தெரிஞ்சவங்க பார்த்துத் தூக்கினாங்க. அதுக்கப்புறம் இந்தூர்ல கன்னியர்கள் நடத்தின மருத்துவ இல்லத்துல இருந்தார். அங்கேயும் கடிதம் எழுதினார். அந்த நாட்களைப் பத்தி அவர் எழுதினதுல பயம் இல்லை, ஒரு பெரிய சந்தோஷம்தான் இருக்கு. டிசம்பர் 7-ல இறந்தார்.

திருவண்ணாமலை போனா, ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம் இருந்து மலைமேல ஒரு கல் பாதை போகும். முதல்ல ஸ்கந்தாசிரமம், அங்கிருந்து கீழே இறங்கினா விருபாட்ச குகை. எச்சம்மாள் சாப்பாடு சுமந்துட்டுப் போனது இந்தக் குகைக்குத்தான். வெயிலுக்கு முன்னால ஏறிடுங்க, தண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.